கேட்காமலே கொடுக்க வைத்த அம்மா



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, காற்றாலையைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். 2009ல் மெக்கானிக்கல் முடித்தது முதல் கியர் பாக்ஸும் இறக்கையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் பேனாவை எடுத்ததும் மனது வேறு பக்கம் போய்விட்டது. நம் பேட்ச் சார்பில் நான் நிதி திரட்டப் போய்ச் செய்த ஒரு தவறும், அந்தத் தவறுக்குப் பிறகு நான் தேடிப் படித்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையும்தான் இந்தப் பக்கங்கள். அந்தப் பெண்மணி இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நெல்லைச் சீமையில் பலருக்கு அவர் பெயர் தெரியும். வரலாறு தெரிந்தவர்கள் குறைவு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்தான் அவர்.

முதலில் என் தவறு

நம் பேட்ச் நண்பர்கள் சிலர் சேர்ந்து, கடத்தி விற்கப்பட்டு மீட்கப்பட்ட பெண் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கிறிஸ்தவ இல்லத்துக்கு உதவுவது என்று முடிவு செய்தோம். இல்லத்தின் பெயரை இங்கே வேண்டாம் என்று விடுகிறேன். காரணம் படித்துக்கொண்டே போனால் புரியும். வசூல் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் மாதம் எல்லோருக்கும் மெசேஜ் போட்டேன். பத்துப் பேர்கூடப் பதில் போடவில்லை. சரி, மனசைத் தொடுகிற மாதிரி எழுதினால்தான் வேலை நடக்கும் என்று, அந்த இல்லத்தில் இருந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கதையை எழுதினேன். பெயரை மாற்றினேன். போட்டோவில் முகத்தை மறைத்தேன். ஆனால் எந்தத் தாலுகா, அப்பாவுக்கு என்ன தொழில், எந்த வகுப்போடு படிப்பு நின்றது, எந்த ஊருக்கு வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள் என்பதை எல்லாம் அப்படியே எழுதிவிட்டேன்.

ஒரே ராத்திரியில் 86,000 ரூபாய் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் இல்லத்து வார்டன் அக்கா போன் செய்தார். நான் எழுதியது கைமாறிக் கைமாறி அந்தப் பிள்ளையின் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரில் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை தையல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு, அறையை விட்டு வெளியே வராமல் இருக்கிறாள் என்றார் அக்கா. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உடனே அழித்தேன், மன்னிப்புக் கேட்டேன். அழித்தால் போய்விடுமா? பிறகுதான் சட்டத்தைப் பார்த்தேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் எந்த வகைத் தகவல் சாதனத்திலும் வெளியிடக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்ல, அடையாளம் காண உதவும் எதுவும் அதில் அடங்கும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்ஜினியர் என்று பெயர், அடிப்படை விதியைப் படிக்காமல் சைட்டில் இறங்கியிருக்கிறேன்.

அந்த வாரம் வேலை விஷயமாக வள்ளியூர் பக்கம் போயிருந்தேன். களக்காட்டுக்குப் போகிற வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்று பலகை பார்த்தேன். கூட வந்த டிரைவர் அண்ணன், ஒரு வெள்ளைக்கார அம்மா யாரிடமும் ஒரு பைசா கேட்காமல் ஆயிரம் பிள்ளைகளை வளர்த்த ஊர் சார் இது என்றார். கேட்காமல் எப்படி வரும் என்று நினைத்தேன். அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல்.

அயர்லாந்து மில் ஊரிலிருந்து

ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில் கடலோரத்தில் உள்ள மில்லைல் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்கு மாவு மில் இருந்தது. வசதியாக இருந்த குடும்பம் பிறகு பண நெருக்கடியில் விழுந்தது. 1885ல் தந்தை இறந்தபோது ஏமிக்கு வயது பதினேழு. மூத்த பிள்ளை என்ற பொறுப்பு அந்த வயதிலேயே தோளில் ஏறியது. பணம் இருப்பதும் இல்லாமல் போவதும் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

பெல்ஃபாஸ்ட் நகரில் அப்போது லினன் துணி ஆலைகளில் ஏழைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்தார்கள். தொப்பி வாங்க வசதி இல்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்ததால் அவர்களைச் சால்வைக்காரிகள் என்று ஏளனமாக அழைப்பார்கள். ஏமி அவர்களைத் தேவாலயத்துக்கு அழைத்து வந்தார். கௌரவமான குடும்பத்தார் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கூட்டமோ பெருகியது, தனி மண்டபம் தேவைப்பட்டது. இரும்புத் தகட்டாலான மண்டபம் ஒன்று 500 பவுனுக்குக் கிடைக்கும், 500 பேர் உட்காரலாம் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தார். ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்கவில்லை. தேவையைச் சொல்லிக் கடவுளிடம் மட்டும் கேட்டார். ஒரு பெண்மணி மண்டபத்துக்கான 500 பவுனைக் கொடுத்தார். இடம் ஒரு ஆலை அதிபர் மூலம் வந்தது. 1889ல் மண்டபம் திறக்கப்பட்டது. அப்போது ஏமிக்கு வயது இருபத்தொன்று.

இந்த வழி அவராகக் கண்டுபிடித்தது அல்ல. பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகள் இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரும், சீனாவில் ஊழியம் செய்த ஹட்சன் டெய்லரும் அதே வழியில் போனவர்கள். மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஏமி அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார்.

1893ல் ஜப்பானுக்குப் போனார். உடல்நலம் கெட்டதால் அங்கே நீடிக்க முடியவில்லை. இலங்கையில் சில காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1895ல் மறுபடி புறப்பட்டுப் பெங்களூர் வந்தார். அதன் பிறகு 1951ல் இறக்கும் வரை, ஏறக்குறைய ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நம்மில் பலர் துபாயிலிருந்து வருஷம் ஒருமுறை லீவில் வந்துபோகிறோம், அதற்கே என்ன பாடு!

தமிழ் கற்ற அம்மா

பெங்களூரிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்த ஏமிக்குத் தமிழ் கற்பித்தவர் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி. வாக்கர் தம்பதியரோடு பண்ணைவிளையில் தங்கிப் படித்தார். பிறகு தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அந்தக் குழுவில் முக்கியமானவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே விதவையாகி, புகுந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர். ஏமியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொன்னம்மாளை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், டோனாவூர் என்ற கட்டடத்தின் அஸ்திவாரம் அவர்தான்.

ஏமி சேலை கட்டினார். கையில் காப்பிக் கரைசலைப் பூசி நிறத்தை மறைத்துக்கொண்டு, வெள்ளையர் நுழைய முடியாத இடங்களுக்கும் போனார் என்று சொல்வார்கள். சின்ன வயதில் அவருக்குத் தன் கண் பழுப்பாக இருக்கிறதே என்று குறை. அம்மாவைப் போல நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபம் செய்துவிட்டுக் காலையில் கண்ணாடி பார்த்து ஏமாந்த குழந்தை அது. நீலக் கண்ணாக இருந்திருந்தால் எந்தக் காப்பியும் மறைத்திருக்காது! கேட்டது கிடைக்காததும் ஒரு பதில்தான் என்று பிற்காலத்தில் அவர் இதை எடுத்துக்கொண்டார்.

1901 மார்ச்: ஒரு சிறுமி ஓடி வந்தாள்

1901 மார்ச் மாதத்தில் பண்ணைவிளைக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளை அம்மாவே பக்கத்து ஊர்க் கோயிலைச் சேர்ந்த பெண்களிடம் ஒப்படைத்திருந்தார். ஏற்கெனவே ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடியில் இருந்த தன் அம்மாவிடமே போயிருக்கிறாள். அம்மா பயந்துபோய்த் திருப்பி ஒப்படைத்துவிட்டார். ஓடிய குற்றத்துக்கு அவள் கையில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை தப்பித்தபோது ஒரு பெண் பார்த்து, மறுநாள் காலையில் ஏமியிடம் அழைத்து வந்தார். தன்னைச் சாமிக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்று அந்தச் சிறுமி பொம்மையை வைத்துச் செய்து காட்டினாள். ஏமி உட்கார்ந்து கேட்டார். அவர் வாழ்க்கையின் திசை அங்கேதான் திரும்பியது.

இந்த இடத்தில் ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். தேவதாசி மரபில் இசையும் நாட்டியமும் வளர்த்த பெருங்கலைஞர்கள் இருந்தார்கள். இன்றைய பரதநாட்டியம் அவர்கள் கொடுத்த சொத்து. அதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வண்ணத்தில் பூசுவது சரியாகாது. அதே நேரத்தில், அந்த மரபின் பெயரைச் சொல்லிக் குழந்தை வியாபாரம் நடந்ததும் உண்மை. கணவனை இழந்த ஏழைத் தாய், கைவிடப்பட்ட மனைவி, நோயில் நேர்ந்துகொண்ட குடும்பம் ஆகியோரிடமிருந்து கைக்குழந்தைகள் தரகர் மூலம் கைமாறின. தத்து என்று சொன்னால் சட்டமும் சந்தேகப்படாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் அன்றே குற்றமாக்கியிருந்தன. ஆனால் குழந்தை சிறியதாக இருக்கும்போது நோக்கத்தை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிகிற வயதில் காலம் கடந்திருக்கும். வெளியிலிருந்து வந்த கிறிஸ்தவர் மட்டும் இதை எதிர்த்தார் என்றும் நினைக்கவேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போராடினார். அந்தக் குலத்திலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1947ல்தான் பொட்டுக் கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. படுக்கையில் கிடந்த ஏமி அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

டோனாவூர் குடும்பம்

டோனாவூர் என்ற பெயரே ஒரு நன்கொடையின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேனியஸ் ஐயர் அங்கே கிறிஸ்தவக் குடியிருப்பு அமைக்கப் பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனா கோமகன். அவர் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று. கொடுத்தவர் பெயர் பலகையில் நிற்கும் ஊரில், எடுத்து வளர்த்தவர் பெயரைக் கல்லில் எழுதவேண்டாம் என்று சொன்னதைக் கடைசியில் பார்ப்போம்.

1904ல் முதல் கைக்குழந்தை வந்தது. பெற்றவரைவிட்டு வந்த பச்சைக் குழந்தைகளைப் பசும்பாலில் வளர்ப்பது அந்தக் காலத்தில் லேசான வேலை அல்ல. முதலில் வந்த குழந்தைகளில் சில பிழைக்கவில்லை. பக்கத்தில் டாக்டர் கிடையாது. அதனால் 1905ல், திருவிதாங்கூரில் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கி, பொன்னம்மாளைப் பொறுப்பில் வைத்தார். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1913ல் பிள்ளைகள் எண்ணிக்கை 130. 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்தார்கள். நாடகக் குழுக்களுக்கு விற்கப்பட்ட சிறுவர்களின் நிலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் காலத்தில் மீட்கப்பட்ட பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல்.

சிக்கல் இல்லாமல் இது நடந்துவிடவில்லை. 1911ல் ஒரு சிறுமியைப் பற்றிய வழக்கில் நீதிமன்றம் இவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இன்னொரு குழந்தையின் விஷயத்தில் கடத்தல் வழக்கே பாய்ந்தது. ஏழு ஆண்டு சிறை என்று பயமுறுத்தியது. 1914 பிப்ரவரியில் அது தள்ளுபடி ஆனது. ஊழியம் செய்ய வந்தவர் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருக்கிறாரே என்று சொந்த வட்டாரத்திலேயே குறை சொன்னார்கள். 1912ல் தாமஸ் வாக்கரும், 1915ல் புற்றுநோயில் பொன்னம்மாளும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு தூண் சாய்ந்தும் கூரை நின்றது.

பணம் எப்படி வந்தது?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஆயிரம் பிள்ளைக்குச் சோறு, துணி, படிப்பு, மருந்து. எஸ்டிமேட் போட்டால் தலை சுற்றும். ஆனால் நன்கொடை கேட்டுக் கடிதம் இல்லை, வசூல் கூட்டம் இல்லை, கடன் இல்லை. 1927ல் டோனாவூர் ஐக்கியம் என்று தனி அமைப்பாகப் பதிவானது. அதில் பணிசெய்தவர்களுக்கு, வெள்ளையரோ தமிழரோ, சம்பளம் கிடையாது. பெரிய மருத்துவமனை கட்ட 10,000 பவுன் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 1928ல் ஒருநாள் 1,000 பவுன் கொடையாக வந்தது. அதை அடையாளமாகக் கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தினரும் வரலாம் என்று எழுந்ததுதான் அந்தப் பரம சுக சாலை.

கடவுள் கொடுத்தார் என்பார் ஏமி. நான் கிறிஸ்தவன் அல்ல. அந்த நம்பிக்கையைத் தொட்டுப் பார்க்க எனக்கு அளவுகோல் இல்லை. ஆனால் இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? எந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது என்று தேடினேன். விடை அவருடைய புத்தகங்களில் இருந்தது. மொத்தம் முப்பத்தைந்து அளவில் எழுதியிருக்கிறார். 1903ல் வந்த திங்ஸ் ஆஸ் தே ஆர் என்ற நூலில் ஊழியத்தின் உண்மை நிலையை வெல்லம் பூசாமல் எழுதினார். படிக்கிறவர் மனம் சோர்ந்துபோகும் என்று முதலில் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வெற்றிக்கதை வேண்டும் என்பது அன்றைய வாசகர் எதிர்பார்ப்பு, இன்றும் அதுதானே! அச்சானபின், இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று இங்கிலாந்தில் சந்தேகம் கிளம்பியது. அடுத்த பதிப்புகளில், இங்கே வேலை செய்த மற்ற மிஷனரிகள் ஆமாம் உண்மைதான் என்று எழுதிக் கொடுத்த சான்றுகளையும் சேர்த்தே அச்சிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் தர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்ஷன்.

அப்படியானால் புத்தகமே ஒரு விண்ணப்பம்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஓரளவு உண்மைதான். தேவை இன்னது என்று தெரிந்த ஆயிரம் வீடுகள் கடல் கடந்து இருந்தன. அங்கிருந்து கடிதமும் காசும் வந்தன. கெஸ்விக் மாநாட்டினர் அனுப்பிய முதல் மிஷனரியும் அவரே. அந்த வட்டாரத்தின் ஆதரவு அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் விண்ணப்பத்துக்கும் விளக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பிள்ளையைப் பார், கண்ணீர் விடு, உடனே பணம் அனுப்பு என்று அவர் எழுதவில்லை. நடந்ததைச் சொன்னார், கையை நீட்டவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதைப் படித்தவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்.

அவரும் குறையே இல்லாதவர் அல்ல. பிள்ளைகளின் பெயரை மாற்றி எழுதினாலும், 1909ல் வந்த லோட்டஸ் பட்ஸ் என்ற நூல் முழுக்கக் குழந்தைகளின் போட்டோக்கள். நம் காலத்து அளவுகோலில் அது கூடாது. பிள்ளைகளை வெளியுலகம் அதிகம் படாமல் பொத்திப் பொத்தி வளர்த்தார் என்ற விமரிசனமும் உண்டு. அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தபோது விழாவுக்குப் போகாமல் இருந்தவர், தன் பிள்ளைகளின் முகத்தை ஊர் பார்க்கக் கொடுத்ததில் யோசித்திருக்கலாம். நூறு வருஷம் கழித்து நான் இதைச் சொல்வது சுலபம். முகத்தை மறைத்துவிட்டு ஊரைக் காட்டிக்கொடுத்தவன்தானே நானும்?

படுக்கையிலிருந்து

1931 அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், புதிதாகத் தோண்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்தான். நிர்வாகத்தை மெல்ல மற்றவர்களிடம் விட்டார், படுத்தபடியே எழுதினார். அவர் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று யாரும் சொல்ல முடியாதபடி வேலை நடந்தது. ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய டெஸ்ட் கிடையாது.

1951 ஜனவரி 18ஆம் நாள், 83ஆம் வயதில் டோனாவூரிலேயே மறைந்தார். கல்லறை மேல் கல் வைக்கக்கூடாது என்று முன்னமே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்குமா? பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அவர்கள் அவரை அழைத்த அம்மா என்ற பெயர் மட்டும்தான் அதில். தேதியும் இல்லை, பட்டமும் இல்லை. அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தேன். மரநிழல். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாம் என்ன செய்கிறோம்?

நான் ஏமி கார்மைக்கேல் இல்லை. கேட்காமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை, கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் பிள்ளையை விற்றுக் கேட்பதில்லை. விற்கப்பட்டு மீண்டு வந்தவளின் கதையை நன்கொடைக்காக இன்னொரு தரம் விற்பது எந்த ஊர் நியாயம்?

வார்டன் அக்காவோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வாடகை, கரண்ட் பில், மனநல ஆலோசகருக்கான ஊதியம், வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போய்வர ஆட்டோ செலவு, தையல் மெஷின் ரிப்பேர். மாதம் பிறந்தால் அந்தப் பட்டியலையும், போன மாதக் கணக்கையும் பேட்ச் நண்பர்களுக்கு அனுப்புகிறேன். கதை இல்லை, போட்டோ இல்லை. முதல் மாதம் வசூல் பாதிக்குப் பாதி குறைந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்குப் பழைய மாதிரி ஒன்று எழுதிவிடலாமா என்று கை அரித்தது. எழுதவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் தொகை மெதுவாக ஏறியது. 86,000 மறுபடி ஒரே ராத்திரியில் வரவில்லை. ஆனால் இருபத்திரண்டு பேர் மாதம் தவறாமல் அனுப்புகிறார்கள். கோர்ட் தேதி தள்ளிப்போனாலும் ஆட்டோவுக்குக் காசு இருக்கிறது. உணர்ச்சியில் வருவது மழைத்தண்ணீர், கணக்கில் வருவது கிணற்றுத்தண்ணீர் என்று இப்போது புரிகிறது.

அந்தப் பிள்ளை தையல் வகுப்புக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆனது. அதற்குமேல் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

மாணவத் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவீர்கள். போஸ்டர் அடிக்கும் முன், அதில் இருப்பவர் அதைத் தெருவில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பணம் குறைந்தால் மறுபடி திரட்டலாம். போன மானத்தைத் திரட்ட முடியாது.

பழைய நண்பர்களே, சந்திப்பு நாளன்று பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். மேலே படம் எதுவும் ஒட்டியிருக்காது. பக்கத்தில் ஒரே ஒரு தாள், அந்த மாதத்துச் செலவுக் கணக்கு, இருக்கும். நான் அருகில் நிற்கமாட்டேன். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். போடத் தோன்றினால் போடுங்கள். தோன்றாவிட்டாலும் டீ என் கணக்கு, வந்து சேருங்கள்.

வளர்க நம் கல்லூரி!